புயல் இரவில் வானொலி: யாழ்ப்பாணத்து ஊர்களை எச்சரிக்கும் வேலையை ஒழுங்குபடுத்துவது எப்படி

மின்சாரம் நின்றவுடன் வீட்டு வைஃபை நின்றுவிடும். போன் ரவர்களில் உள்ள பற்றரி இறங்க இறங்க, சில மணித்தியாலத்தில் கைத்தொலைபேசியும் வெறும் ரோர்ச் லைற் ஆகிவிடும். அதற்குப் பிறகு நெடுந்தீவிலோ மணற்காட்டிலோ உள்ள ஒரு வீட்டுக்குள் செய்தி போக மிஞ்சியிருப்பது, இரண்டு பென்ரோர்ச் பற்றரியில் ஓடும் சின்ன ரேடியோதான். இந்த வழி வேலை செய்ய வேண்டுமானால் ஐப்பசி மழை தொடங்க முன்னமே சில ஒழுங்குகள் செய்திருக்க வேண்டும். புயல் வந்த இரவில் யோசிக்கத் தொடங்கினால் ஒன்றும் நடக்காது.

இந்தக் குறிப்பு இரண்டு தரப்புக்கு. ஒன்று, வானொலி நிலையத்தில் அறிவிப்பாளர்களாகவும் தொழில்நுட்பப் பகுதியிலும் இருப்பவர்கள். மற்றது சனசமூக நிலையம், கடற்றொழிலாளர் சங்கம், கோவில் பரிபாலன சபை, பங்குச் சபை, பள்ளிவாசல் நிர்வாகம் என்று ஊருக்குள் நிற்பவர்கள். முதல் தரப்புக்குத் தங்கள் வேலை அன்ரெனாவோடு முடிந்துவிட்டது என்ற நினைப்பு. இரண்டாவது தரப்புக்கு வானொலி தங்கள் வேலையே இல்லை என்ற நினைப்பு. எச்சரிக்கை பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தொலைகிறது.

ஆர்வம் உள்ள இளைஞர்களுக்கு ஒன்று. இணையத்தில் வாங்கிய சின்ன எப்.எம் ட்ரான்ஸ்மிற்றரை வீட்டுக் கூரையில் கட்டி ஊருக்கு அறிவிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். சட்டத்தை விட்டாலும், மலிவான ட்ரான்ஸ்மிற்றர்கள் பக்கத்து அலைவரிசைகளையும் குழப்பும். அதே இரவில் மக்கள் தேடும் நிலையத்தை நீங்களே அமுக்கிவிடக் கூடும். அனுமதி உள்ள நிலையத்தோடு சேர்ந்து வேலை செய்யுங்கள்.

எச்சரிக்கை யாருடையது

காற்று, மழை, கடல் கொந்தளிப்பு, சுனாமி எச்சரிக்கைகள் வளிமண்டலவியல் திணைக்களத்திலிருந்து வருகின்றன. அதை மாவட்டங்களுக்குக் கொண்டு சேர்ப்பதும் மக்களை இடம் நகர்த்துவதும் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் இயங்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் அதன் மாவட்டப் பிரிவு கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில் இருந்து இயங்குகிறது. அங்கிருந்து பிரதேச செயலகம், பிறகு கிராம அலுவலர். வானொலி இந்த வரிசைக்குப் பக்கத்தில் ஓடும் குறுக்கு வழி. தானாக எச்சரிக்கை உண்டாக்கும் உரிமை வானொலிக்கு இல்லை.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டியதில்லை. வல்லை வெளியில் வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடுகிறது, குறிகட்டுவானில் படகுச் சேவை நிறுத்தப்பட்டிருக்கிறது என்பவை நேரில் பார்த்த தகவல்கள். இரண்டு பேர் தனித்தனியாக உறுதிப்படுத்தினால் நேரத்தோடு சேர்த்துச் சொல்லலாம். ஒரே வட்ஸ்அப் குழுவில் இருக்கும் இரண்டு பேர், ஆள் இரண்டானாலும் தகவல் ஒன்றுதான்.

புரட்டாதி மாதத்திலேயே மாவட்டப் பிரிவுக்குப் போய் ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் பக்கம் இரண்டு பேர், நிலையத்தின் பக்கம் இரண்டு பேர், நான்கு தொலைபேசி இலக்கங்கள், ஒன்று கம்பித் தொடர்பாக இருந்தால் நல்லது. அவசர இரவில் "கச்சேரியில இருந்து கதைக்கிறன்" என்று ஒருவர் எடுத்தால், நன்றி சொல்லி வைத்துவிட்டு அந்தப் பக்கத்தில் உள்ள இலக்கத்துக்குத் திருப்பி எடுங்கள். அரை நிமிடம்தான் போகும். பொய் அழைப்பு ஒன்றை ஒலிபரப்பினால் போகும் நம்பிக்கை ஒரு மாரிக்குள் திரும்பி வராது.

மணிக்கூட்டைப் பிடியுங்கள்

முழு ஒழுங்கிலும் ஒன்றையே செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: அறிவித்தலை மணிக்கும் அரைமணிக்கும் சரியாகச் சொல்லுங்கள். எட்டு மணி, எட்டரை, ஒன்பது. ஒரு நிமிடம் முந்தவும் வேண்டாம், பிந்தவும் வேண்டாம். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும், நிலைமை மாறவில்லை என்று சொல்லி அடுத்த நேரத்தைச் சொல்லுங்கள்.

காரணம் கேட்பவரின் பக்கத்தில் இருக்கிறது. இருட்டில், பிள்ளைகளோடு, அரைவாசி இறங்கிய பற்றரியோடு இருப்பவர் ரேடியோவை இரவு முழுக்க ஓடவிட மாட்டார். நேரம் தெரிந்தால் அரைமணிக்கு ஐந்து நிமிடம் மட்டும் போடுவார். ஒரு இரவில் தீரும் பற்றரி பல இரவுகளுக்கு வரும். நீங்கள் எட்டு இருபதுக்கு அவசரமாக ஒன்றைச் சொல்லி எட்டரைக்குப் பாட்டுப் போட்டால், அவர் எட்டரைக்குப் போட்டுப் பார்த்து ஒன்றும் இல்லை என்று அணைத்துவிடுவார். இடையில் உண்மையாகவே அவசரம் வந்தால் உடனே சொல்லுங்கள், ஆனால் அடுத்த அரைமணியிலும் அதையே முதலில் திருப்பிச் சொல்லுங்கள்.

நிகழ்ச்சிகளைக் கணினி தானாக ஓடவிடும் நிலையங்களில் வழமையாக நடக்கும் பிழை: அறிவிப்பாளர் எச்சரிக்கையை வாசித்து முடித்த அடுத்த நொடியே பட்டியலில் இருந்த நகைக்கடை விளம்பரமோ குத்துப்பாட்டோ பாயும். எச்சரிக்கை நிலை தொடங்கியதும் தானியங்கிப் பட்டியலை நிறுத்துவதும் விளம்பரத்தைத் தூக்குவதும் யாருடைய கையில் என்று பெயரோடு எழுதி வையுங்கள். முகாமையாளர் தொலைபேசியை எடுக்காவிட்டாலும் பணியில் இருப்பவரே செய்யலாம் என்ற அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும்.

அறிவித்தலுக்கு முன் ஒரு ஒலிச் சமிக்ஞை வேண்டும். ஐந்து விநாடி, எப்போதும் ஒரே ஒலி, வேறு எந்த நிகழ்ச்சியிலும் வராத ஒலி. சைரன் வேண்டாம். இந்த ஊரில் சைரன் கேட்டால் உடம்பு பதுங்குகுழி தேடும் வயதுக்காரர் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டு மணி ஓசையோ மூன்று குழல் சுரமோ போதும்.

அறிவித்தலை எழுதுவது

திணைக்களத்திலிருந்து வரும் அறிக்கை பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்: "தென்மேற்கு வங்காள விரிகுடாவில் நிலைகொண்டுள்ள ஆழ்ந்த தாழமுக்கமானது வடமேற்குத் திசையில் நகர்ந்து எதிர்வரும் 24 மணித்தியாலத்தில் மேலும் வலுவடையக்கூடும். பொதுமக்கள் அவதானமாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்." இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் உடுத்துறையில் வாடிக்குள் இருப்பவருக்கு, தான் இப்போது என்ன செய்ய வேண்டும் என்பது இதில் இல்லை. அவதானமாக இருப்பது என்றால் படகை ஏற்றுவதா, வீட்டை விட்டுப் போவதா, சும்மா விழித்திருப்பதா?

அறிவித்தலில் ஆறு விடயம் இந்த வரிசையில் வர வேண்டும்: நாளும் நேரமும், எந்த இடத்து மக்களுக்கு, என்ன வருகிறது எப்போது வருகிறது, யார் சொன்னது, என்ன செய்ய வேண்டும் எத்தனை மணிக்கு முன், அடுத்த அறிவித்தல் எப்போது. அறுபது, எழுபது சொல்லுக்குள் முடியுங்கள். நிதானமாக வாசித்தால் முக்கால் நிமிடம் வரும். பிறகு சிறிது இடைவெளி விட்டு, அதே சொற்களில் இன்னொரு தடவை. முதல் தடவை காதில் விழும்போதுதான் ஆட்கள் "சத்தம் போடாதேங்கோ" என்று வீட்டை அடக்குகிறார்கள். இரண்டாவது தடவைதான் கேட்கிறார்கள்.

மாதிரிக்கு ஒன்று:

"இன்று நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை. நேரம் பிற்பகல் மூன்று மணி. பருத்தித்துறை தொடக்கம் கட்டைக்காடு வரை கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இந்த அறிவித்தல். இன்றிரவு எட்டு மணிக்குப் பிறகு புயற்காற்று வீசும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்திருக்கிறது. ஒருவரும் கடலுக்கு இறங்க வேண்டாம். கரையில் நிற்கும் படகுகளை இப்போதே மேலே ஏற்றி, இயந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போங்கள். ஓலை, தகரக் கூரை வீடுகளில் இருப்பவர்கள் ஆறு மணிக்கு முன் உங்கள் கிராம அலுவலர் குறித்த பாடசாலைக்குப் போய்விடுங்கள். அடுத்த அறிவித்தல் மூன்றரை மணிக்கு."

நாளும் நேரமும் முதல் வசனத்தில் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யாரோ இதைப் பதிவு செய்து வட்ஸ்அப்பில் போடுவார்கள். மூன்று நாள் கழித்தும் அது சுற்றும். திகதி இல்லாத ஒலிப்பதிவு அடுத்த மழையில் வதந்தியாகத் திரும்பி வரும். அதே காரணத்துக்காக நிலையமும் பழைய ஒலிப்பதிவைத் திருப்பி ஓடவிடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் நேரடியாக வாசியுங்கள்.

இடப் பெயரை ஊர் ஊராகச் சொல்லுங்கள். "தாழ்நிலப் பகுதிகள்" என்றால் எவரும் தன் வீட்டை அதில் சேர்க்க மாட்டார். பொம்மைவெளி, காக்கைதீவு, நாவாந்துறை என்று சொன்னால் அங்கிருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். காற்றின் திசையைக் கடலோரத்துக்குச் சொல்லும்போது வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்ற பெயர்களையும் சேருங்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைப் பக்கம் கரை ஏறி மன்னார் வளைகுடாவை நோக்கிப் போனது. அப்படிக் குடாநாட்டுக்குத் தெற்காகப் புயல் கடக்கும்போது காற்று வாடையாக (வடக்கிலிருந்து) தொடங்கி, கொண்டலாகி (கிழக்கிலிருந்து), பிறகு தென்கிழக்குக்குத் திரும்பும். தெற்குப் பக்கம் சாய்ந்ததும் கடலேரித் தண்ணீர் குருநகர், பாசையூர், கொழும்புத்துறைக் கரைகளில் ஏறக்கூடும். வடக்குக் கரை அடங்குகிற நேரத்தில் தெற்குக் கரைக்குத் தனியாக ஒரு அறிவித்தல் வேண்டி வரும். புயலின் நடுப்பகுதியே மேலால் போனால் காற்று சட்டென்று நின்று, சிறிது நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும். "காற்று நின்றாலும் நாங்கள் சொல்லும் வரை வெளியே வராதீர்கள்" என்பதை அதற்கு முந்தின அறிவித்தலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நேரமும் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டியது. பின்னேரம் வலையோடு இறங்கி விடியத் திரும்பும் படகுகளுக்கு இரவு ஏழு மணி எச்சரிக்கை பிரயோசனம் இல்லை. மதியமும், பிற்பகல் மூன்றுக்கும் கடலுக்கான அறிவித்தல் போயிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியால் வரும் குழப்பம் ஒன்று வருடா வருடம் நடக்கிறது. நாகப்பட்டினம், காரைக்கால் துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைப் பார்த்து, இங்கே "மூன்றாம் எண்தானாம், பயமில்லை" என்று கதை பரவும். அந்த எண் அந்தத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கானது. இங்கே திணைக்களம் செம்மஞ்சள், சிவப்பு என்று நிறத்தால் சொல்கிறது. கூண்டு எண் இந்தக் கரைக்குப் பொருந்தாது என்பதை ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு, நிறத்தோடு செய்ய வேண்டிய வேலையைச் சேர்த்துச் சொல்லுங்கள். வதந்தியை மறுக்கும்போது உண்மையை முதலில் வையுங்கள். "குளம் உடைந்ததாக ஒரு வதந்தி" என்று தொடங்கினால் பாதிச் சிக்னலில் கேட்பவருக்குக் "குளம் உடைந்தது" மட்டும்தான் கேட்கும்.

கிளிநொச்சிப் பக்கமும் உங்கள் ஒலிபரப்பு கேட்குமானால், இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறக்கும் செய்தியில் எத்தனை கதவு என்பதைவிட, தண்ணீர் எந்த ஊருக்குப் போகும், எப்போது போகும் என்பதைக் கேட்டு வாங்கிச் சொல்லுங்கள். தொலைபேசி இலக்கங்களை ஒவ்வொன்றாக, இரண்டு தடவை: அனர்த்த முகாமைத்துவம் 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அறுந்த மின்கம்பிக்கு மின்சார சபை 1987. நயினாதீவுக்கு வரும் தெற்கு யாத்திரிகர்களுக்காகக் கடல் அறிவித்தலைச் சிங்களத்திலும் ஒரு தடவை வாசியுங்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர் அந்த இரவில் கிடைக்கமாட்டார், அதனால் நாலு சிங்கள வசனத்தைத் தமிழ் எழுத்தில் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

நிலையம் நிற்காமல் ஓட

1 கிலோவாற்ஸ் எப்.எம் ட்ரான்ஸ்மிற்றர் ஒன்று மின்சாரத்தில் 1.6 முதல் 2 கிலோவாற்ஸ் வரை இழுக்கும். கலையகமும், அதை ரவரோடு இணைக்கும் கருவியும் 300 வாற்ஸ், அறையைக் குளிராக்க இன்னொரு 1 கிலோவாற்ஸ் என்று வைத்தால் மூன்றுக்கு மேல். 5 கேவிஏ டீசல் ஜெனரேற்றர் ஒன்று போதும். மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் குடிக்கும். மூன்று நாளுக்கு 108 லீற்றர், கொஞ்சம் கூட்டி 130 லீற்றர் கையிருப்பில் வையுங்கள். வெள்ளம் வந்தால் எரிபொருள் நிலையத்திலும் பம்பி ஓடாது.

ஜெனரேற்றர் அவசர நேரத்தில் ஸ்ராட் வராததற்குக் காரணம் பெரும்பாலும் இயந்திரம் அல்ல, ஸ்ராட்டர் பற்றரி. ஆறு மாதம் தொடாமல் விட்டால் இறங்கிவிடும். மாதம் ஒரு தடவை, சும்மா ஓடவிடாமல், ட்ரான்ஸ்மிற்றரின் முழுச் சுமையோடு அரைமணி ஓட்டுங்கள். அடுத்த பிரச்சினை டீசலில் தண்ணீர். பீப்பாயின் அடியில் இறங்கி நிற்கும், பில்ரரை அடைக்கும். மேலிருந்து எடுங்கள், ஒரு உதிரி பில்ரர் பக்கத்தில் இருக்கட்டும். ஜெனரேற்றரை நிலத்தில் வைக்காமல், முன்னர் வெள்ளம் வந்த மட்டத்துக்கு மேலே சீமெந்துத் திட்டில் ஏற்றுங்கள். 2008 நவம்பரில் நிஷா புயல் மழையோடு வந்தபோது தண்ணீர் எதுவரை நின்றது என்று அயலில் வயதானவர்களைக் கேட்டால் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். ஜெனரேற்றரின் புகை மூடிய அறைக்குள் தங்கக் கூடாது, அதில் உள்ள காபன் மொனொக்சைட் மணமில்லாமல் ஆளைக் கொல்லும். மின்சார சபைக் கம்பிக்கும் ஜெனரேற்றருக்கும் நடுவில் சேஞ்ச்ஓவர் சுவிச் கட்டாயம். இல்லாவிட்டால் உங்கள் மின்சாரம் பின்னால் ஏறி, வீதியில் கம்பி திருத்துபவரைப் பிடிக்கும்.

ஜெனரேற்றரை எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்தி ஒயில் பார்க்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பற்றரி. 12 வோல்ற் 200 அம்பியர்-மணி பற்றரி ஒன்றில் 2400 வாற்-மணி இருக்கும் என்று எழுதியிருக்கும். ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், இன்வேர்ட்டரும் கொஞ்சம் தின்னும். கையில் கிடைப்பது 1000 என்று வையுங்கள். மடிகணினி, மிக்சர், மைக், இணைப்பு, ஒரு லைற் என்று 150 வாற்ஸ் கலையகம் அதில் ஆறு மணித்தியாலம் ஓடும். 100 வாற்ஸ் மாற்று ட்ரான்ஸ்மிற்றரும் (அது மின்சாரத்தில் இழுப்பது 250) சேர்ந்தால் மொத்தம் 400 வாற்ஸ் வரும், ஒரு பற்றரிக்கு இரண்டரை மணித்தியாலம். நான்கு பற்றரி இருந்தால் ஒரு இரவு தாண்டும். சோலரைப் புயல் நாளில் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

டீசல் முடியப் போகிறது என்றால் ஒரு வழி உண்டு, மணிக்கூட்டைப் பிடித்த நிலையத்துக்கு மட்டும். மணிக்கு ஒரு தடவை பத்து நிமிடம் முழு வலுவில் ஒலிபரப்பிவிட்டு மற்ற நேரம் அணையுங்கள். அணைக்க முன், "நாங்கள் நின்றுவிடவில்லை, ஒவ்வொரு மணிக்கும் வருவோம்" என்று மூன்று அறிவித்தலிலாவது சொல்லியிருக்க வேண்டும்.

கலையகம் பட்டணத்திலும் ரவர் வேறிடத்திலும் இருந்தால், இரண்டையும் இணைக்கும் சின்ன அன்ரெனா காற்றில் சற்றுத் திரும்பினாலே நிலையம் ஊமை. ட்ரான்ஸ்மிற்றர் அறையிலேயே ஒரு சின்ன மிக்சர், ஒரு மைக், ஒரு மேசை, மூன்று நாளுக்கு அவல், பிஸ்கற், ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லீற்றர் குடிநீர் வையுங்கள். அந்த இரவில் பணியில் இருப்பவர் ரவருக்குப் பக்கத்தில் வீடு உள்ளவராக இருப்பது, குரல் நல்லவராக இருப்பதைவிட முக்கியம். ஒரு முறைக்கு இரண்டு பேர்: ஒருவர் வாசிக்க, ஒருவர் தொலைபேசியும் பதிவுப் புத்தகமும்.

மழை எப்.எம் சிக்னலைக் குறைக்காது. குறைப்பது, அன்ரெனாக் கேபிளின் மூட்டுக்குள் போகும் தண்ணீரும் கடல் உப்பும். அன்ரெனாவுக்கு அனுப்பிய வலு திரும்பி வருவதைக் கண்டதும் ட்ரான்ஸ்மிற்றர் தன்னைக் காப்பாற்றத் தானாகவே வலுவைக் குறைத்துக்கொள்ளும். அறைக்குள் இருப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும், வெளியே ஊர்கள் ஒவ்வொன்றாக விழும். ஆவணி, புரட்டாதியில் ஆள் ஏறி எல்லா மூட்டையும் கழற்றி, துடைத்து, தானாக ஒட்டும் இறப்பர் ரேப்பை இழுத்துச் சுற்றி, மேலால் வெயிலுக்குத் தாங்கும் கறுத்த ரேப் சுற்றட்டும். திரும்பும் வலுவின் அளவை அன்று எழுதி வையுங்கள். மழை நாளில் ஒப்பிட அது வேண்டும்.

சிக்னல் எங்கே விழுகிறது

குடாநாடு தட்டையான நிலம், மலை மறைப்பு இல்லை. பூமியின் வளைவுதான் எல்லை. ரவரின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை நாலால் பெருக்கினால் கிலோமீற்றரில் ஏறக்குறைய எல்லை வரும், கேட்பவரின் உயரத்துக்காக ஐந்தாறு கிலோமீற்றர் கூட்டலாம். 60 மீற்றர் ரவருக்கு 36, 37. பட்டணத்திலிருந்து நெடுந்தீவும் மருதங்கேணியும் நேர்கோட்டில் நாற்பதுக்குக் கிட்ட. அதாவது எச்சரிக்கை மிகவும் வேண்டிய இரண்டு இடமும் விளிம்பில்தான் இருக்கின்றன. 1 கிலோவாற்ஸிலிருந்து 100 வாற்ஸுக்கு இறங்கினால் அலையின் பலம் மூன்றில் ஒன்றாகும். பட்டணத்தில் வித்தியாசம் தெரியாது, விளிம்பில் இரைச்சல்தான் மிஞ்சும்.

வரைபடத்தை நம்பாமல், மலிவான ரேடியோ ஒன்றோடு போய்ப் பாருங்கள். வெளியில் அல்ல, தகரக் கூரை வீட்டுக்குள், நிலத்தில் இருந்தபடி கேட்கிறதா? 100 வாற்ஸில் ஓடும்போதும் ஒரு நாள் போய்ப் பாருங்கள். காற்றில்லாத வெக்கை நாட்களில் பாக்குநீரிணையைத் தாண்டித் தமிழ்நாட்டு எப்.எம்கள் ஏறி உங்கள் அலைவரிசையை மூடுவதும் உண்டு. விளிம்பு ஊர்களுக்கு ஒரு எளிய மருந்து: 75 சென்ரிமீற்றர் மின்கம்பித் துண்டு ஒன்றை ரேடியோவின் அன்ரெனா நுனியில் கவ்வி, மறுமுனையைக் கூரை வளையில் கட்டுங்கள். 100 மெகாஹேர்ட்ஸுக்கு அந்த நீளம் பொருந்தும். இடி மின்னல் நேரத்தில் கழற்றிவிடுங்கள்.

ரேடியோவும் ஊரும்

புதிய கைத்தொலைபேசிகள் பலவற்றில் எப்.எம் இல்லை. இருந்தாலும், வயர் உள்ள ஹெட்செற் சொருகினால்தான் பிடிக்கும், அந்த வயர்தான் அன்ரெனா. நிலையத்தின் செயலியில் கேட்பது இணையம் உள்ளவரைதான். எனவே ஒழுங்கைக்கு ஒரு உண்மையான ரேடியோ இருக்கிறதா என்று சனசமூக நிலையம் கணக்கெடுக்கட்டும். எந்த வீட்டில், எந்தப் பற்றரியில், யார் போடுவார். பற்றரியை ரேடியோவுக்குள் விட்டு அலுமாரியில் வைக்காதீர்கள், கசிந்து தகடுகளைத் தின்றுவிடும். பற்றரியைத் தனியாகப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். கார், முச்சக்கர வண்டி ரேடியோக்களையும் சேருங்கள். ஒழுங்கை முகப்பில் ஒரு முச்சக்கர வண்டி அரைமணிக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் சத்தமாகப் போட்டால் இருபது வீட்டுக்குக் கேட்கும்.

தொண்ணூறுகளில் மின்சாரமும் பற்றரியும் இல்லாமல் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர் இது. அந்தக் கைவேலை இன்னும் உதவும். 6 வோல்ற், 3 வாற்ஸ் டைனமோ தருவது ஆடலோட்ட மின்சாரம். 1N4007 டயோட் நான்கைப் பாலமாகக் கட்டி, 2200 மைக்ரோபரட் 35 வோல்ற் கொள்ளளவி ஒன்று, அதன்பின் வோல்ற்றை ஒரே அளவில் நிறுத்தும் 7805 ஒன்று. வெளியே 5 வோல்ற் வரும். 6 வோல்ற் செற்றுக்கு அப்படியே கொடுக்கலாம். இரண்டு பென்ரோர்ச் பற்றரி ரேடியோவுக்கு இன்னும் மூன்று டயோட்டைத் தொடராகப் போட்டால் மூன்று வோல்ற்றுக்குக் கிட்ட இறங்கும். 16 வோல்ற் கொள்ளளவி போடாதீர்கள். வேகமாக மிதித்தால் சுமை குறைந்த டைனமோவின் வோல்ற் எகிறி அது வெடிக்கும்.

ரேடியோவிலிருந்து ஊருக்குக் கொண்டு போவது கோவில், தேவாலய, பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள். ரேடியோவை மைக்குக்கு முன் வைத்து ஓடவிடுவதைவிட, கேட்டதை ஒருவர் எழுதி வாசிப்பது தெளிவு. குழாய் ஒலிபெருக்கியில் வானொலிக் குரல் எதிரொலித்து ஒன்றும் விளங்காது. அம்பிளிபயரை 12 வோல்ற்றில் ஓடக்கூடியதாக வாங்கி, கார் பற்றரி ஒன்றோடு வையுங்கள். காற்று மணிக்கு 50, 60 கிலோமீற்றருக்கு மேல் அடிக்கத் தொடங்கினால் ஒலிபெருக்கியும் கேட்காது, ஆளும் வெளியே நிற்கக் கூடாது. அதனால் ஊர்ச் சுற்றல் எல்லாம் இருட்ட முன் முடிய வேண்டும். காது கேளாதவர், படுக்கையில் இருப்பவர், தனியே இருக்கும் முதியவர் என்று ஒவ்வொரு ஒழுங்கையிலும் யாருக்கு யார் போய்ச் சொல்வது என்பதைப் பெயரோடு எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்.

சுனாமி வேறு கணக்கு

2004 டிசம்பர் 26இல் சுமாத்திரா நிலநடுக்கத்துக்கும் இங்கே அலை வந்ததற்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது. அதில் ஆராய்ந்து முடிவெடுக்கும் நேரம் போக உங்களுக்குக் கிடைப்பது இன்னும் குறைவு. அரைமணி ஒழுங்கு இங்கே கிடையாது. இடைவிடாமல், ஒரே செய்தி. எழுதிய மாதிரி ஒன்று மைக்குக்குப் பக்கத்தில் நிரந்தரமாக ஒட்டியிருக்கட்டும், நேரத்தை மட்டும் நிரப்பினால் போதும்.

"மேடான இடத்துக்குப் போங்கள்" என்பது இங்கே பொருந்தாத வாக்கியம். மேடு எங்கே? வடமராட்சி கிழக்கில் நாகர்கோவிலுக்குக் கீழே கரை ஒரு ஒடுங்கிய மணல்திட்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடலேரி. உள்ளே ஓடினால் தண்ணீர்தான் வரும். எந்த ஊர் எந்த வீதியால் எங்கே போவது என்பதைப் பிரதேச செயலகத்தோடு இருந்து ஊர் ஊராக எழுதி வாங்குங்கள். முதல் அலை கடைசி அலை இல்லை என்பதையும், கடல் உள்வாங்கினால் பார்க்கப் போக வேண்டாம் என்பதையும் ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள்.

2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது இலங்கையின் கரையோரத்தவர் வெளியேற்றப்பட்டார்கள், பிறகு எச்சரிக்கை விலக்கப்பட்டது. விலக்கல் அறிவித்தலை எச்சரிக்கை அளவுக்கே தடவைகள், அதே ஒலிச் சமிக்ஞையோடு சொல்ல வேண்டும். ஒத்திகையும் அப்படித்தான். "இது ஒத்திகை" என்பது தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் வரட்டும், நடுவில் ரேடியோ போட்டவருக்குத் தொடக்கம் தெரியாது. டிசம்பர் 26 தேசிய பாதுகாப்பு தினம் என்பதால் அன்று ஒத்திகை வைக்கத் தோன்றும். அன்று வேண்டாம். கரையோரத்தில் அது அஞ்சலி நாள். மழைக்கு முன், புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை நல்லது.

தண்ணீர் வடிந்த பிறகு

காற்று நின்றதும் நிலையங்கள் வழமைக்குத் திரும்பிவிடுகின்றன. நோய் நொடி அதற்குப் பிறகுதான் வரும். யாழ்ப்பாணம் கிணற்றை நம்பிய ஊர், மலசலகூடக் குழி நிரம்பி வழிந்த தண்ணீர் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் சுலபமாகக் கிணற்றுக்குள் இறங்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரீன் போடும் வரை கொதித்தாறிய நீர் என்பதை வெள்ளம் வடிந்து இரண்டு கிழமைக்குச் சொல்லுங்கள். 2024 டிசம்பரில் இங்கே எலிக்காய்ச்சல் பரவியபோது, என்ன காய்ச்சல் என்று தெரிவதற்கு முன்னமே மர்மக் காய்ச்சல் என்ற கதை ஓடியது. வெள்ளத்தில் நின்றவர், வயலில் இறங்கியவர் காய்ச்சல் வந்தால் வீட்டில் பனடோலோடு இருக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்ற ஒரு வசனம் அந்தக் கிழமைகளின் ஒவ்வொரு செய்தியிலும் இருக்கட்டும். பழைய முன்னரங்கப் பகுதிகளில், நாகர்கோவில், முகமாலைப் பக்கம், தண்ணீர் இடம் மாற்றிய வெடிபொருள் இருக்கக் கூடும். தெரியாத பொருளைத் தொடாமல் 119க்குச் சொல்லச் சொல்லுங்கள். முகாமிலிருந்து வீடு திரும்புபவருக்கு, நனைந்த மெயின் சுவிச்சைப் போட முன் மின்சார வேலை தெரிந்தவரைக் காட்டும்படியும்.

அரைமணி அறிவித்தலை மணிக்கு ஒன்றாகவும், பிறகு காலை, மாலை என்றும் குறைக்கும்போது, குறைக்க முந்தின நாளே அந்தப் புதிய நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.